படிவத்தில் இடம் இல்லாத ஐஸ் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை 2025 ஜூலையில் மூடிவிட்டதையும், பிரிட்டன் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதையும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே தீர்மானம் போட்டது. அதைக் காப்பாற்றிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம் குறைகிறதே என்ற கவலை சரி. வருகிற பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? வாங்கிய பக்கத்தில் இருந்தவள் என்பதால் அதைச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருந்தது. 2005-ல் கணக்கெடுக்க யார் வந்தாலும் படிவத்தில் படகு, வலை, எஞ்சின் என்றுதான் இருக்கும். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்துபோய் திருப்பாதிரிப்புலியூரிலும் நெல்லிக்குப்பத்திலும் விற்றவர்கள் பெண்கள். ஏலத்துக்குக் கைமுதல் வேண்டும். அது இல்லாமல் மறுபடியும் தண்டல்காரரிடம் போய் நின்றார்கள். அலையில் கணவரைப் பறிகொடுத்த ஒரு அம்மா, படிவத்தோடு வந்த பையனிடம், "தம்பி, படகை வச்சு நான் என்ன பண்றது? ஐஸ் பொட்டின்னு எழுதுப்பா" என்றார். "அதுக்கு இதுல இடமே இல்லம்மா" என்றான் அவன். பாவம், அவனும் சம்பளத்துக்கு வந்தவன். படிவம் எங்கேயோ அச்சாகி வந்தது. கடைசியில் தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஓட்ட ஆள் இல்லாமல் மணலில் கிடந்த படகுகளைக் கண்ணால் பார்த்தோம்.

2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் ஒரு வாக்குக் கொடுத்தன: 2020-க்குள் பேரிடர் உதவியில் 25 சதவீதமாவது அந்தந்த நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கெடு முடிந்து வருடங்கள் ஆகின்றன. நேரடியாகப் போவது இன்னும் பத்து சதவீதத்தைக்கூட நெருங்கவில்லை. மேல்மட்டத்திலும் இதே கதைதான். உலக வங்கித் தலைவர் பதவி அமெரிக்கா கைகாட்டுபவருக்கே போகிறது, பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) தலைமை ஐரோப்பியருக்கு.

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்தால், பணம் பெறும் அமைப்பு அதில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புகளுக்குத் தர முடியாது. கடலூரில் வேலை செய்பவர்களும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்குத் திறந்தாக வேண்டும். கண்காணிப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய அமைப்புகள் வழியாக எங்களைப் போன்ற குழுக்களுக்கு எட்டிய கொஞ்சமும் இதனால் அடைபட்டுவிட்டது.

உள்ளூரில் கொடுத்தால் போதும் என்றும் விட்டுவிடக் கூடாது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு உட்கார இடம் எங்கே இருந்தது? அதனால் எந்த நிவாரணப் பட்டியலானாலும் மகளிர் குழுக்களின் கையெழுத்து இல்லாமல் பணம் விடுவிக்கக் கூடாது. அந்த 25 சதவீதத்துக்குப் புதிய கெடு வைத்து, தவறும் நாடுகளின் பெயரை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2020 திருத்தத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்.