ஆலயத்துக்குத் திரும்பி வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்டத்து மயிலாடியில் 1809ஆம் ஆண்டு மிஷனரி ரிங்கல்தௌபே எழுப்பிய ஆலயம், தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டிருந்த மக்கள் தலைநிமிர்ந்து ஒன்றுகூட இடம் தந்தது. அந்த மரபில் வந்த எங்கள் களியக்காவிளைப் பகுதியில், 2020 பொதுமுடக்கத்தின்போது கைப்பேசியில் ஆராதனை பார்க்கப் பழகிய பலர் இன்னும் ஆலயப்படி ஏறாதிருப்பது வேதனை தருகிறது. (நோயாளிகளையும் நடக்க இயலாத முதியவர்களையும் நான் சொல்லவில்லை; அவர்களுக்கு அது பெரும் ஆறுதல்.)

பிரசங்கத்தைக் கைப்பேசியிலும் கேட்டுவிடலாம். ஆனால் ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் முற்றத்தில் ஏலம் போகும் வேளையில், மழையால் ரப்பர் பால்வெட்டு நின்று கூலியின்றி இருப்பவர் யார், திருவனந்தபுரம் மருத்துவமனையில் கிடப்பவர் யார் என்று விசாரித்து, அன்று மாலையே நாலு பேர் அந்த வீட்டுக்குப் போய் ஜெபிக்கிறார்களே, அது நேரில் வருபவர்களால்தான் நடக்கிறது. சபை கூடிவருதலை விட்டுவிட வேண்டாம் என்று எபிரெயர் நிருபம் (10:25) சொல்வதும் ஒருவரையொருவர் தாங்குவதற்காகத்தான்.

நெடுநாள் கழித்து வருபவரை எல்லார் முன்பும் காரணம் கேட்டுக் கூசவைக்காமல், பக்கத்தில் இடம் கொடுத்து அமர்த்துவது சபையாரின் கடமை. விலகியிருக்கும் சகோதர சகோதரிகள் வருகிற ஞாயிறன்றே குடும்பத்தோடு வர வேண்டுமென்று அன்புடன் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், களியக்காவிளை