நியூட்ரானுக்கு ஒரே ஒரு வரிதானா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்துல வந்த அணு பத்தின கட்டுரைய படிச்சேன், எழுதின விதம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா நியூட்ரானுக்கு மட்டும் "மின்சுமை இல்லை, எடையைக் கூட்டும்"னு ஒரே வரில சோலிய முடிச்சுட்டீங்க. அது சும்மா எடைக்கு உக்காந்திருக்கற ஆள் இல்ல சார்.

ஈயத்த எடுத்துக்குங்க. அதோட அணுக்கருவுக்குள்ள 82 புரோட்டான், எல்லாமே பாசிட்டிவ், அந்தத் துளியூண்டு எடத்துல ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். ஈயம்-208ல (புரோட்டானும் நியூட்ரானும் சேந்து 208) கூடவே 126 நியூட்ரான் இருக்கு, அதுங்க யாரையும் தள்றதில்ல, அணுக்கரு விசையால பக்கத்துல இருக்கறத இழுத்துப் பிடிக்க மட்டும் செய்யும், அதனாலதான் கரு சிதறாம நிக்குது. ஹீலியத்துலயே நியூட்ரான எடுத்துட்டா மிச்சமிருக்கற ரெண்டு புரோட்டானும் ஒட்டவே ஒட்டாது.

எடைனு வந்தாலும் அந்த ஒரு வரி பத்தாது. நான் டியூஷன் எடுக்கறேன், குளோரினோட அணு எடை 35.5னு போட்டவுடனே "அப்ப அரை நியூட்ரானா சார்?"னு ஒருத்தனாவது கேட்டுருவான். 18 நியூட்ரான் உள்ளது முக்கால்வாசி, 20 உள்ளது கால்வாசி, அதோட சராசரிதான் அதுனு சொன்னா டக்குனு புரிஞ்சுக்கறாங்க. அதவிட ஜோரான கேஸ் ஆர்கான். பீரியாடிக் டேபிள்ல 18ம் நம்பர், ஆனா 19ம் நம்பர் பொட்டாசியத்த விட எடை ஜாஸ்தி! காத்துல இருக்கற ஆர்கான்ல 99.6% ஆர்கான்-40, அதுல 22 நியூட்ரான், பொட்டாசியத்துலயோ பெரும்பாலும் 20தான். அந்த ஆர்கான்-40 எங்கேந்து வந்துச்சுங்கறீங்க? பாறைக்குள்ள இருக்கற பொட்டாசியம்-40ல சிலது ஒரு எலக்ட்ரான உள்ள இழுத்து, ஒரு புரோட்டான நியூட்ரானா மாத்திக்கிட்டு ஆர்கானா ஆயிடுது. பக்கத்து வீட்டுக்காரரே பெத்த புள்ளைங்க மாதிரி.

நியூட்ரான 1932ல சாட்விக் கண்டுபிடிச்சார்னு போட்டது சரிதான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஜோலியோ-கியூரி தம்பதி பாரஃபின் மெழுகுலேந்து புரோட்டான் தெறிக்கறத பாத்துட்டு, அது நியூட்ரான் வேலைனு தெரியாம காமா கதிர் வேலைனு நெனச்சுக் கோட்ட விட்ட கதையையும் சேத்திருக்கலாம். (1935ல சாட்விக்குக்கு இயற்பியல் நோபல், அதே வருஷம் இவங்களுக்கும் வேற கண்டுபிடிப்புக்காக வேதியியல்ல ஒண்ணு கெடச்சுது, அதனால ரொம்ப வருத்தப்பட வேணாம்.)

அப்புறம் அந்தப் படம். நியூட்ரான புரோட்டான விட சின்னதா வரைஞ்சிருக்கீங்க. நிஜத்துல நியூட்ரான்தான் 0.14% எடை கூட. அடுத்த வாரம் ஐசோடோப்பு (ஒரே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேற) பத்தி வரும்னு போட்டிருக்கீங்களே, அதுலயாச்சும் படத்த மாத்திப் போடுங்க சார், பசங்க அத அப்படியே நோட்டுல வரைஞ்சுட்டு வந்து நிக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார், தஞ்சாவூர்