முதலில் பீலியைக் காட்டு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் 'சரி அக்கா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

நேற்று வீடியோவில் உன் அவுஸ்திரேலிய வீட்டைக் காட்டினாய். பின்னால் தெரிந்த காட்டைப் பார்த்து அத்தான் "நல்ல வடிவு" என்றார். என் கண் போனது மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிக்கு. யூக்கலிப்டஸ் சருகு திட்டுத் திட்டாகக் கிடந்தது. காட்டுத்தீ வேலிக்கு வந்த பிறகுதான் வீடு பற்றும் என்று நினைக்காதே. காற்றில் பறக்கிற தணல் சில கிலோமீற்றர் முன்னாலேயே வந்து சருகில் விழும். அதை வழித்துப் போடு. வாசலில் கிடக்கும் தும்புக் கால்மிதியையும் எடு.

"ஹோஸ் பைப் இருக்கிறது, நின்று பார்ப்பேன்" என்றாயே, எனக்கு இரவு நித்திரையே இல்லை. நீ இருக்கிற விக்டோரியா மாநிலத்தில்தான் 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மூண்ட தீயில் 173 பேர் செத்தார்கள். பின்னேரம் காற்றுத் திசை மாற, தீயின் நீண்ட பக்கவாட்டு அப்படியே முகப்பாகிவிட்டது. கரண்ட் போனால் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும்.

2004இல் கடல் வந்தபோது நீ சின்னப் பெடியன். உப்புவெளி வீட்டில் அம்மா அலமாரிக்கு முன்னால் திகைத்து நின்று, கடைசியில் தூக்கி வந்தது சோற்றுப் பானையின் மூடி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரோடு போயின. பிரதி எடுக்க அப்பா கந்தோர் கந்தோராக அலைந்தார். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது பத்திரங்கள் போட்ட பை கதவடியில் தயாராகத் தொங்கியது. கிராம சேவகர் சொன்ன பத்தாவது நிமிடம் வெளியே நின்றோம்.

அம்மா இப்போது உன்னோடு இருக்கிறா. அவவின் பிரஷர் குளிசை ஒரு கிழமைக்கு, கண்ணாடி, கடவுச்சீட்டுகள், காப்புறுதிப் பத்திரம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நைலக்ஸ் சேலையோடு ஏற்றாதே, சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடுப்பு, மூடிய சப்பாத்து, கம்பளிப் போர்வை. கார் முகப்பு றோட்டைப் பார்க்கட்டும், பெற்றோல் குறையவிடாதே. கராஜ் கதவு கரண்டில் திறப்பதுதானே? கையால் திறந்து பழகு.

அப்புறம், அங்கே தீ அபாயத்துக்கு நாலு படி. உச்சப்படியான 'கட்டாஸ்ட்ரொபிக்' என்று அறிவித்தால் முதல் நாள் இரவோ அன்று விடியவோ புறப்படு. புகை தெரியட்டும் என்று நிற்காதே. எத்தனை மணிக்கு, எந்த றோட்டால், யார் வீட்டுக்கு என்று எழுதிப் பிரிட்ஜில் ஒட்டு. நாய்க்கும் இடம் கேட்டு வை.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது முதலில் பீலியைக் காட்டு. அதற்குப் பிறகு மற்றக் கதை.

அக்கா
திருகோணமலை