மணல் வாங்கும் முன்

அன்புள்ள செந்தில்,

நீ பவளமும் மீனும் வளர்க்கப்போகும் கடல்நீர்த் தொட்டியின் படம் பார்த்தேன், இரண்டடிக்கு ஓரடி என்றாலும் உன் ஹாலுக்கு அது போதும். அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று கேட்டதில் பெரிய நிம்மதி. இங்கே மகளுக்குப் பரீட்சை, டிவி போடத் தடை, அதனால்தான் சாவகாசமாக எழுதுகிறேன்.

மெரினா மணலைக் கழுவிப் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம்டா. ஒரு பிடி எடுத்து, காகிதம் சுற்றிய நல்ல காந்தத்தால் துழாவிப் பார், கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கு அடியில் அது போய் உட்கார்ந்தால் முதல் இழுப்பிலேயே கீறல் விழும். ராமேஸ்வரம் போகும்போது பவளத் துண்டு பொறுக்கி வரும் யோசனையையும் விட்டுவிடு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது.

கடையில் அரகோனைட் மணல் வாங்கு, அது கால்சியம் கார்பனேட்டின் ஒரு வகை. பவளத்தின் எலும்புக்கூடும் அதே கால்சியம் கார்பனேட்தான். சந்தேகம் இருந்தால் வினிகர் விடு, நுரைக்கும். 'பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவை) இதுவே பார்த்துக்கொள்ளும்' என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. பிஎச் 8க்கு மேல் இருக்கும் தொட்டியில் அது கரைவதே இல்லை, அப்புறம் எங்கே பார்த்துக்கொள்வது? கால்சியத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

பருமன்தான் முக்கியம். சர்க்கரை மாதிரிப் பொடி மணல் பார்க்க அழகு, ஆனால் சின்னத் தொட்டியில் வேவ்மேக்கர், அதாவது தண்ணீரை அலையாகத் தள்ளும் பம்பு, ஓடினால் ஒரு மூலையில் வெறும் கண்ணாடி தெரியும், மிச்சமெல்லாம் பவளத்தின் மேல் படிந்துகிடக்கும். 4, 5 மில்லிமீட்டர் துண்டுகளில் தீனி இடுக்கில் விழுந்து அழுகி நைட்ரேட் ஏறும். 1 முதல் 2 மில்லிமீட்டர் எடு. ஓரங்குல உயரத்துக்கு ஆறேழு கிலோ போதும். நாலு அங்குலம் போட்டால் அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்து பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் உன் தொட்டியில் நிறைய உயரம் மணலுக்கே போய்விடுமே!

மணலே இல்லாமல் வைப்பவர்களும் உண்டு. சுத்தம் செய்ய எளிது, எனக்குத்தான் பிடிக்காது, பார்க்கக் குளியலறை போல இருக்கும். தவிர, உனக்கு கோபி மீனும் அதோடு ஒரே வளையில் வாழும் பிஸ்டல் இறாலும் வேண்டும் என்கிறாய், அந்த இறாலுக்குத் தோண்டுவதுதான் பிழைப்பு. அதனால் பாறையை முதலில் கண்ணாடிமேல் ஆடாமல் வை, மணலை அப்புறம் சுற்றிப் போடு. மாற்றி வைத்தால் இறால் அடியைக் குடைந்து பாறையைச் சாய்த்துவிடும்.

குழாய்த் தண்ணீரில் கலங்கல் போகும்வரை கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் எடு. வேவ்மேக்கர் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று நீ எழுதவே இல்லை, அதைச் சொல்லிவிட்டு மணலுக்குப் பணம் கட்டு.

அன்புடன்,
குமார்