உயிர் காலேஜ் ஞாபகம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. தைலத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு ஆவடிக்குப் போக சென்ட்ரலுக்கு வந்தேன். லோக்கல் ரயில் கிளம்புகிற இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றுதானே பெயர். "மார்க்கெட் எங்க ஆயா?" என்றான். வெளியே பழைய மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டினேன். "இதுக்குள்ள எப்படிக் கடை வெப்பாங்க?" என்று கேட்டான். ரயிலில் ஏறி, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையின், நம் உயிர் காலேஜின் கதையை ஆரம்பித்தேன், ஆவடி வந்தும் முடியவில்லை.

சூளையிலிருந்து உன் ஆயா ஆளுக்கொரு கையாக நம்மைப் பிடித்துக்கொண்டு, சைடன்ஹாம்ஸ் ரோடு வழியாக நடத்தியே கூட்டிப்போவாரே! மார்க்கெட்டைத் தாண்டும்போதே ஈர வைக்கோலும் மாமிசமும் கலந்த வாடை வந்துவிடும். நீ பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ் என்றுதானே ஊரில் சொல்வார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் அந்த மியூசியத்தில்தான் உயிருள்ள மிருகங்களை வைத்தார். அவற்றைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. சில வருடத்தில் எல்லாம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்துவிட்டன. கவர்னர் டிரெவெல்யன் ஊர் ஜனங்களுக்கென்று உண்டாக்கிய பார்க் அது, 116 ஏக்கர்.

அத்தனையையும் கூறு போட்டுவிட்டார்கள், மல்லிகா. முதலில் விக்டோரியா ஹால், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். 1985 மே 30-ம் தேதி மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூரில் மிருகங்களுக்குப் புதுப் பூங்காவைத் திறந்தார்கள். கடை இழந்தவர்களுக்குக் கடை கட்ட அல்லிக்குளமும் போயிற்று. நாம் பொரி போட்டு மீன் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த குளம்!

வண்டலூரை நான் குறை சொல்ல மாட்டேன். 600 ஹெக்டேர் காடு அது. நம் புலி கூண்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து நடந்து, அது நடந்த தடம் மட்டும் வழவழவென்று மின்னியதை நீதான் எனக்குக் காட்டினாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை என்று உன் அம்மா சொன்னார். மிருகங்கள் போனது நல்லதுதான். ஆனால் மரங்களையும் குளத்தையுமாவது பிள்ளைகளுக்கு விட்டிருக்கலாம். சூளைப் பிள்ளையும் பெரியமேட்டுப் பிள்ளையும் காசில்லாமல் நடந்தே வந்து ஆடிவிட்டுப் போன இடம் அது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

மிச்சம் இருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா. அடுத்த வாரம் அவனை அங்கே கூட்டிப்போகிறேன். பொங்கலுக்கு நீ வந்தால் மூன்று பேருமாக இன்னொரு தரம் போகலாம். சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் ஆயா வேர்க்கடலைப் பொட்டலத்தைக் குளத்தங்கரையில் பிரிப்பாரா, குரங்குக் கூண்டுக்கு எதிரிலா? அவன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே எழுது.

உன்,
சரோஜா