பிரேக்குக்கு ஆன செலவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். குட்டி பரீட்சையை முடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளேயே படுத்துத் தூங்கி ஊர் சுற்றுகிற என் கிழட்டு வீட்டு வண்டிக்கு (மோட்டார்ஹோம்) பிரேக் பார்க்க இவ்வளவு பணமா, பேசாமல் வண்டியையே தள்ளிவிட்டிருக்கலாமே என்று பெரியவரிடம் சொன்னாயாம். அவர் அன்று ராத்திரியே போன் போட்டு ஒப்பித்துவிட்டார். அவர் வாயில் எது தங்கியிருக்கிறது, நீயே சொல்! போகட்டும். பில்லைக் கையில் வாங்கியதும் எனக்கும் வயிறு எரிந்தது. வரி வரியாகப் படித்துப் பார்த்தேன், வெட்டிச் செலவு என்று ஒன்றுகூட இல்லை. உன்னிடமும் அதே மாதிரி வீட்டு வண்டி நிற்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடுக்கு ஆனது கொஞ்சம்தான். பணம் போனது கூலிக்கு. கார் பட்டறைகளில் இதைத் தொடவே யோசிக்கிறார்கள். மூன்றரை டன்னைத் தாண்டும் உடம்பு, அதற்கேற்ற உயரம். அவர்களுடைய லிஃப்ட் தாங்காது, கூரையும் இடிக்கும். லாரி பார்க்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றுவதே ஒரு வேலை. அப்புறம் துரு. பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கு இருக்கும் ஸ்லைடு பின் இறுகிப்போய் அசையவில்லை. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கிற நிப்பிளில் ஸ்பானரை வைத்ததும் தலை முறிந்தது. பிரேக் பைப் நட்டைத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. எல்லாம் கூலியில்தான் ஏறும். ‘பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்’ என்று மெக்கானிக் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதே. பழைய வண்டிக்கு அதுதான் நேர்மையான பதில்.

மெக்கானிக், பிரேக் ஆயில் போகிற ஒரு ரப்பர் ஹோஸை (குழாயை) வெட்டிக் காட்டினார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தில் ஆயில் காலிப்பருக்குப் போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வராது. பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். ‘பேடை மட்டும் மாற்று’ என்று நீ சொன்ன யோசனைப்படி செய்திருந்தால் புதுப் பேடும் சீக்கிரமே தீய்ந்திருக்கும், மறுபடியும் அதே கூலி. ஹோஸின் விலை அற்பம்டா. சக்கரம் கழன்றிருக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம். காலிப்பரையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே. பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்றே கெடுகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155-க்கு வந்துவிடும். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் இந்தச் சூடு எளிதாக ஏறும். ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், ஆவிதான் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருஷத்துக்கு ஒரு தரம் ஆயிலை மாற்ற வேண்டும். மொத்தச் செலவில் மிகக் குறைந்த தொகை அதுதான், எல்லோரும் தள்ளிப்போடுவதும் அதைத்தான்!

ஸ்பேர் வாங்குவதில் ஒன்றைக் கவனி. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்காதே. மேலே வீட்டைக் கட்டிய கம்பெனி வேறு, கீழே இஞ்சினும் சக்கரமும் உள்ள சேஸிஸ் கொடுத்த கம்பெனி வேறு. பிரேக் சேஸிஸ்காரனுடையது, அது ஃபியட் டுகாட்டோவாக இருக்கலாம், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டராக இருக்கலாம். ஒரே மாடலிலேயே அச்சு தாங்கும் எடையைப் பொறுத்து டிஸ்க் மாறும். சேஸிஸ் நம்பரையும் தகட்டில் இருக்கும் அச்சு எடையையும் கொடுத்தால்தான் சரியான சாமான் வரும். தப்பான சாமான் வந்து வண்டி அந்தரத்தில் நின்றால், அந்த இடத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். ஸ்பேர் தனி, கூலி தனி என்று பில் கேள். கழற்றிய பழைய சாமானையும் வாங்கிக்கொள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகப் போவதாக நீ பெரியவரிடம் சொன்னதுதான். உன் வண்டி எத்தனை மழையும் வெயிலும் பார்த்து நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி, கேஸ், கட்டில், ஆட்கள் என்று எல்லாம் ஏறிய பிறகு அதன் எடை என்ன என்று யோசித்தாயா? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். இஞ்சின் நின்றுபோனால் வண்டி ஓரமாக நிற்கும், கயிறு கட்டி இழுத்து வரலாம். பிரேக் விஷயம் அப்படியில்லை. எனக்கு இது நிஜமாகவே பயமாக இருக்கிறது.

முதலில் சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார். தொட்டுவிடாதே. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். எல்லாம் சரி பார்த்தாலும் இறக்கத்தில் முன்கூட்டியே கீழ் கியரில் போட்டு இறங்கு.

பணம் இப்போது கைக்கடியாக இருந்தால் கூச்சப்படாமல் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிடு. திட்டினால் என் பெயரைச் சொல்லிக்கொள். சேஸிஸ் தகட்டைப் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. எந்தச் சாமான் பொருந்தும் என்று நம் மெக்கானிக்கிடம் கேட்டு வைக்கிறேன்.

உன்,
கட்டையன்