அழகு ஊசி என்று மட்டும் எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முகச்சுருக்கத்தைப் போக்கும் போடாக்ஸ் ஊசியைப் பற்றிய செய்திகள் எல்லாம் அதை வசதி படைத்தவர்களின் அழகு மோகமாகவே காட்டுகின்றன. படிக்கும்போது மனம் வலிக்கிறது. என் அம்மாவுக்கு நடமாட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததே அந்த ஊசிதான். இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும் ‘இமை இசிவு’ என்ற நோய் அவருக்கு. பார்வையில் குறையில்லை, ஆனாலும் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடப்பார். ஊசி போட்ட சில நாட்களில் இமைகள் தளர்ந்தன. மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவத்திலிருந்துதான் இந்த மருந்து அழகுக்குப் போனது. அமெரிக்காவில் 1989இல் மாறுகண்ணுக்கும் இமை இசிவுக்கும் அனுமதி கிடைத்தது. புருவங்களுக்கிடையே விழும் கோடுகளுக்கு 2002இல்தான். நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, அக்குளில் அளவுமீறிய வியர்வை, பக்கவாதத்துக்குப் பின் விறைத்துப்போகும் கை என இன்று பலவற்றுக்கும் பயன்படுகிறது.

அழகுக்காகப் போட்டுக்கொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் முகம், அவரவர் விருப்பம். ஆனால் இது ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சு. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுத்து வேலை செய்வது. இடம் தவறினால் இமை தொங்கிவிடும். பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்படலாம். மருத்துவப் பயிற்சியே இல்லாதவர்கள் இதைப் போடுவதைப் பற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும். அதே பக்கத்தில் என் அம்மாவைப் போன்ற நோயாளிகளுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி